இருபதடி பின்னால்

இஸ்ஸதீன் தையற்கடையின் கடைசிப் பலகையை இறக்கி, பூட்டைக் கொளுவி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். திறப்பை மடியில் செருகிக்கொண்டான். தெருவின் எதிர்ப்புறத்தில் சுருட்டுக்கடை நிழலில் சார்ஜன் இரத்தினசிங்கம் நிற்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நேரே நடக்கத் தொடங்கினான். அவன் இருபதடி போகும்வரை பொறுத்திருந்துவிட்டு இரத்தினசிங்கம் பின்னால் நடந்தார்.

இது நாலாவது மாதம். கடை பூட்டியிருக்கும் வெள்ளிக்கிழமைகளைத் தவிர, மழையென்றும் பாராமல் அவர் இப்படித்தான் நடக்கிறார். ஐந்து மணிக்குள் கடமை முடியாத நாட்களில் வேறு யாரிடமாவது கெஞ்சி நேரத்தை மாற்றிக்கொண்டு வருவார். காக்கியைக் கழற்றிவிட்டு வேட்டியும் கோட்டும் போட்டுக்கொண்டு வருவார். காக்கியோடு பின்னால் போனால் கைதியைக் கொண்டுபோவது போல இருக்கும் என்று ஒரு நினைப்பு. ஆனால் பதினொரு வருடமாகக் கொழும்பு கொட்டாஞ்சேனைப் பொலிஸில் இருக்கிறவரைக் காக்கி இல்லாமல் அடையாளம் தெரியாதவர் அங்கே யாருமில்லை. கடையிலிருந்து மெசெஞ்சர் தெருவில் இருக்கும் இஸ்ஸதீனின் வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. மரக்கறிக்காரிகளின் கூடைகள், ரிக்‌ஷாக்காரர்களின் மணி, லூசியா கோயிலுக்குப் போகிற வெள்ளை முக்காட்டுப் பெண்கள், எதிலும் இரத்தினசிங்கத்தின் கண் நிற்காது. சந்து ஒழுங்கைகளின் முகப்பையும் ஆட்களின் கைகளையும் மட்டுமே பார்ப்பார். சட்டைக்குள் போன கை. முதுகுக்குப் பின்னால் இருக்கிற கை. முன்னால் போகிறவனின் ஒடுங்கிய முதுகு ஒருநாளும் திரும்பாது. அவன் படியேறிக் கதவைத் தட்டி, உள்ளே போய், கொண்டி விழுகிற சத்தம் கேட்டதும் இவர் கோட்டை ஸ்டேஷனுக்கு நடந்து வெள்ளவத்தை ரயிலைப் பிடிப்பார். இந்த நாலு மாதத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பேசாமலிருக்க இஸ்ஸதீனுக்குக் காரணம் இருந்தது.

முப்பத்தெட்டாம் ஆண்டு தை மாதத்தில் ஒரு புதன்கிழமை பின்னேரம், தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பேர்ணடெற் என்ற பெண்ணின் கையைப் பேர்னாட் பிடித்து இழுத்தான். பேர்னாட் அந்தத் தெருவின் சண்டியன். துறைமுகத்தில் யாருக்கு வேலை, யார் எந்த மூலையில் கடை போடலாம் என்பதெல்லாம் அவன் வாயில்தான் இருந்தது. கப்பலுக்கு நிலக்கரி சுமக்கும் அழகுமுத்து அந்த வழியால் வந்தவன், "கையை விடு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பேர்னாட் சிரித்துவிட்டுப் போய், கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, இஸ்ஸதீனின் தையற்கடை வாசலில் வைத்து அழகுமுத்துவைக் கத்தியால் மூன்று தரம் குத்தினான். நாலு மணி வெயில். தெருவில் ஒன்பது பேர் நின்றார்கள். அந்த ஒன்பது பேரையும் இரத்தினசிங்கம் ஒவ்வொருவராக இருத்திக் கேட்டார். சுருட்டுக்கடைக்காரர் உள்ளே குனிந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாராம். தேத்தண்ணிக் கடைக்காரர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாராம். பேர்ணடெற்றுக்கு மயக்கம் வந்துவிட்டதாம். செத்தவனின் இரத்தம் ஒட்டிய செருப்போடு நின்ற ஒருவர், தான் அன்று அந்தத் தெருவுக்கே வரவில்லை என்றார்.

இஸ்ஸதீனும் முதலில் அப்படித்தான் சொன்னான். ஆனால் சொல்லும்போது அவன் கண் கலங்கியது. இரத்தினசிங்கம் அந்தக் கண்ணைப் பிடித்துக்கொண்டார். ஆறு கிழமை அவன் வீட்டுக்குப் போய்வந்தார். விசாரணை என்று சொல்லாமல் சும்மா போய் உட்கார்ந்தார். பெருநாளைக்குப் போனபோது வட்டிலப்பம் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் இஸ்ஸதீன் வாய் திறந்தான். அழகுமுத்து கடைப்படியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கதவச் சாத்திக்க" என்று தன்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சரிந்ததைச் சொன்னான். சாகப் போகிறவன் தன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன வார்த்தை அது என்று சொல்லி அழுதான். திரைக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி பைறோஸா கேட்டாள்.

"இவர் கோட்டுல சாட்சி செல்லினதுக்குப் பொறகு இவருக்கு ஏதும் ஆனா, யார் பாக்கிற?"

"நான் இருக்கிறன் தங்கச்சி" என்றார் இரத்தினசிங்கம். "ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம். நான் இருக்கிறன்."

ஆனி மாதம் வழக்கு எடுபட்டது. இங்கிலிஷ் தெரிந்த ஏழு ஜூரிமார். இஸ்ஸதீன் கூண்டில் ஏறித் துருக்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கண்டதைக் கண்டபடி சொன்னான். குரல் நடுங்கவில்லை. எதிர்த்தரப்பு அட்வகேட் ஒரேயொரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். தைக்கும்போது கண்ணாடி போடுவீரா? போடுவேன். அந்தக் கண்ணாடி கிட்டப் பார்க்கவா, தூரப் பார்க்கவா? கிட்டப் பார்க்க. அப்படியென்றால் அந்தக் கண்ணாடியால் வாசலைப் பார்த்தால் மங்கலாகத்தானே தெரியும்? நான் கண்ணாடிக்கு மேலால் பார்த்தேன். ஓ, அப்படியென்றால் கண்ணாடி இல்லாமல் பார்த்திருக்கிறீர். மொழிபெயர்க்கும் முதலியார் இதைத் தமிழில் சொல்லி முடிக்கும் முன்னமே ஜூரிமார் பக்கத்தில் சிரிப்புக் கேட்டது. நட்ட நடுப் பகலில், நிறைந்த தெருவில் நடந்ததாகச் சொல்லும் கொலையை ஒரு தையற்காரன் மட்டும்தான் கண்டானா என்று அட்வகேட் கடைசியில் கேட்டார். ஐந்துக்கு இரண்டு. குற்றவாளியல்ல.

பேர்னாட்டை மாலை போட்டு, பட்டாசு கொளுத்தி, அதே தெருவழியே கூட்டிக்கொண்டு வந்தார்கள். தையற்கடை வாசலில் ஊர்வலம் கொஞ்ச நேரம் நின்றது. அடுத்த நாள் ஐந்து மணியிலிருந்து இரத்தினசிங்கம் நடக்கத் தொடங்கினார்.

வெள்ளவத்தையில் வீடு போய்ச் சேர ஏழரை ஆகிவிடும். மனைவி நேசமலர் முதலில் சண்டை பிடிக்கவில்லை. சோறு போடும்போது, "இண்டைக்கும் போனியளோ?" என்று மட்டும் கேட்பாள். "ஓம்" என்பார். ஆனால் வீட்டுக்குள் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே வந்தது. அவர் வந்ததும் முதல் வேலையாக முன்கதவுத் தாழ்ப்பாள், பின்கதவுத் தாழ்ப்பாள், குசினி யன்னல் என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். மகள் அரசிக்கு ஒன்பது வயது. அவளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட விடமாட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் வழியை மாற்றினார். கடற்கரைக்குப் போகலாம் என்று அவள் கேட்டால், "அங்கை என்ன கிடக்கு?" என்று எரிந்து விழுவார். பேர்னாட் வெள்ளவத்தைக்கு வரப் போவதில்லை என்று அவருக்கே தெரியும். தெரிந்தும், ரயிலில் எதிரே இருப்பவனின் கையைப் பார்க்கும் கண்ணை வீட்டு வாசலில் கழற்றி வைக்க அவருக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அவர் கிணற்றடியிலிருந்து ஓடிவருவதற்குள் அரசி திறந்துவிட்டாள். பாண்காரன். கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளோடு ஏதோ பகிடி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். இரத்தினசிங்கம் மகளின் கன்னத்தில் அறைந்தார். ஈரக் கை. சத்தம் பெரிதாகக் கேட்டது. பாண்காரன் கூடையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போனான். அரசி அழவில்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு, யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள்.

"இஞ்சை பாருங்கோ" என்றாள் நேசமலர். சத்தம் போடவில்லை. "ஊரில உள்ளவையை எல்லாம் காப்பாத்துங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா இந்தப் பிள்ளையை உங்களிட்டையிருந்து ஆர் காப்பாத்துறது?"

அன்று அவர் மகளுக்கு என்னென்னவோ சொல்ல நினைத்தார். அவர் கூடத்துக்குள் வந்தால் அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போகப் பழகிவிட்டாள்.

ஐப்பசி மாதத்தில் பேர்னாட் தையற்கடைக்குள் போனான். கத்தியோடு அல்ல. ஒரு துண்டு வெள்ளைத் துணியோடு. எதிரே நின்ற இரத்தினசிங்கம் தெருவைக் கடந்து ஓடினார். உள்ளே பேர்னாட் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். சட்டை தைக்க அளவு கொடுத்துக்கொண்டிருந்தான். இஸ்ஸதீன் அளவு நாடாவை அவன் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருந்தான். எண்ணைப் பார்க்க முடியாமல் அவன் கண்ணாடியைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தான்.

"இறுக்கிப் புடிக்காதீங்க நானா" என்றான் பேர்னாட். "தூக்குக் கயிறு மாதிரி இருக்கு." அப்புறம் வாசலைப் பார்த்துச் சிரித்தான். "என்ன சார்ஜன் மாத்தயா? சட்டை தைக்கக் குடுக்கிறதும் குத்தமா?"

குற்றமில்லை. நாலு நாள் கழித்து வந்து கழுத்துப் பிடிக்கிறதென்றான். பிரித்துத் தைக்கச் சொன்னான். பிறகு கை நீளம் என்றான். பிறகு வேறொரு துணி. ஒவ்வொரு முறையும் அளவு எடுக்கச் சொன்னான். இரத்தினசிங்கம் இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னார். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், பறங்கிக்காரர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. பயமுறுத்தினானா என்று கேட்டார். இல்லை. ஆயுதம் வைத்திருந்தானா? இல்லை. அப்படியென்றால் எந்தச் சட்டத்தின் கீழ் பிடிப்பது என்று கேட்டுவிட்டு, உண்மையாகவே பதிலை எதிர்பார்ப்பவர் போல அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு மனிதன் செத்தால்தான் எழுதலாம், அதுவரைக்கும் புத்தகத்தில் எழுத ஒன்றுமில்லை என்பது இரத்தினசிங்கத்துக்கு இருபத்திரண்டு வருடச் சேவையில் தெரியாததல்ல. ஆனால் அன்றைக்கு அது அவருடைய நெஞ்சுக்குள் முள்ளுப் போல நின்றுவிட்டது.

ஐந்தாவது தரம் பேர்னாட் கடையிலிருந்து வெளியே வந்தபோது, உள்ளே இஸ்ஸதீன் கைகளை முழங்காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இரத்தினசிங்கம் என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. பேர்னாட்டின் நெஞ்சுச் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தி, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அடித்தார். பேர்னாட் கையைத் தூக்கவே இல்லை. உதட்டிலிருந்து வந்த இரத்தத்தை நக்கிக்கொண்டு, "அடியுங்க மாத்தயா, நல்லா அடியுங்க" என்றான். "எல்லாரும் பாக்கிறாங்க."

எல்லோரும் பார்த்தார்கள். சுருட்டுக்கடைக்காரர் வெளியே வந்து நின்று பார்த்தார். தேத்தண்ணிக் கடைக்காரர் அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்த்தார். ஒருவருக்கும் பெட்டி அடுக்கும் வேலை இருக்கவில்லை. ஒருவருக்கும் மயக்கம் வரவில்லை.

ஒரு கிழமைக்குள் பெட்டிசம் வந்தது. இன்ஸ்பெக்டர் அதை மேசையில் விரித்து வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கையில் ஆயுதமில்லாத, எதிர்த்துப் பேசாத ஒரு குடிமகனைச் சார்ஜன் இரத்தினசிங்கம் பட்டப்பகலில் தாக்கியதைக் கண்ணால் கண்டவர்கள் என்று பதின்மூன்று பேர் கையெழுத்து வைத்திருந்தார்கள். ஏழு பெயர்கள் அவருக்கு மனப்பாடம். தை மாதத்தில் அவர் தன் கையாலேயே எழுதிய பெயர்கள். நேரம், நின்ற இடம், எத்தனை அடி, எந்தக் கை என்று அவர்கள் எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்! இதில் பாதி தெளிவு அன்றைக்கு இருந்திருந்தால். கடைசியில் ஒரு பெருவிரல் அடையாளம். அதன் கீழே பேர்ணடெற் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டார். இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

விசாரணை வைக்காமல் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்கு மாற்றம். அது தண்டனையில்லை, தான் செய்துகொடுத்த உதவி என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். உண்மையும் அதுதான். நேசமலர் எட்டு வருடமாகக் கேட்டது இந்த மாற்றத்தைத்தான். அவளுடைய தகப்பன் வீடு அங்கிருந்து ஐந்து மைல் தூரம். அன்று இரவு சாப்பாட்டின்போது அவள் பாடிக்கொண்டே சொதி ஊற்றினாள். அவர், தை மாதம் முடியும்வரை கொழும்பில் நிற்க அனுமதி கேட்டு மனுக் கொடுத்திருப்பதைச் சொன்னார்.

அகப்பை சட்டிக்குள் விழுந்தது.

"ஆருக்காக?"

"அவன் என்னை நம்பித்தான் வாய் திறந்தவன், நேசம்."

"நானும் உங்களை நம்பித்தான் கழுத்தை நீட்டினனான்" என்றாள் அவள். அகப்பையை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, "நானும் பிள்ளையும் போறம். நீங்கள் ஆறுதலா வாங்கோ" என்றாள்.

மாற்றத்தைப் பற்றி இஸ்ஸதீனிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். கார்த்திகை மாதத்து மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், மெசெஞ்சர் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் இரத்தினசிங்கம் இருபதடியையும் எட்டி நடந்து, "இஸ்ஸதீன், ஒரு நிமிஷம்" என்றார். அவன் நின்றான். திரும்பினான். நாலைந்து மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தபோது, கண்ணுக்குக் கீழே கறுத்து, தாடை எலும்பு தள்ளிக்கொண்டு, பத்து வயது கூடிவிட்டது போல இருந்தது.

"என்னை மாத்திப் போட்டாங்கள். தை மட்டும் நிப்பன். அதுக்குள்ள நீ வேறை ஊரிலை கடை போடுறதெண்டால் நான் ஒழுங்கு செய்து தாறன். காலி டவுணிலை எனக்குத் தெரிஞ்ச ஆக்கள்..."

"என்னத்துக்கு?" என்றான் இஸ்ஸதீன்.

"உனக்கொரு பாதுகாப்பு..."

"ஐயா, நான் ஒண்டு செல்லவா? கோவிக்காதீங்க." அவன் மெதுவாகத்தான் பேசினான். அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "கேஸ் முடிஞ்ச பொறகு அவன் என்ன மறந்திருப்பான். ரெண்டு மாசம், மூணு மாசம். அவனுக்கு எத்தனையோ வேல ஈக்குது. நீங்க மறக்க விடல்ல. ஒவ்வொரு நாளும் அஞ்சு மணிக்கு எனக்குப் பின்னால வந்து, இவன்தான் அந்த ஆள், இவன்தான் அந்த ஆள் எண்டு தெருவுக்கே காட்டினீங்க. ஒங்களப் பாத்துத்தான் அவன் சட்டைக்கி வந்த. நீங்க அவனுக்கு அடிச்ச அண்டைக்கி என்ட பொஞ்சாதி ஒரு வா சோறு தின்னல்ல. எனக்காகவா அடிச்ச? ஒங்கட நெஞ்சு வலிக்கித்தானே அடிச்ச?"

இரத்தினசிங்கம் வாய் திறந்தார். தான் வந்திராவிட்டால் இவன் இன்றைக்கு உயிரோடு இருந்திருக்க மாட்டான் என்று சொல்ல நினைத்தார். அது உண்மையா என்று அவருக்கே தெரியவில்லை. நடக்காமல் போன ஒன்றுக்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது?

"நான் பொய் செல்லல்ல ஐயா, கோட்டுல" என்றான் இஸ்ஸதீன். "கண்டதச் சென்னேன். அதுக்காக நான் வருத்தப்படல்ல. இனி வராதீங்க."

அவன் போனான். இரத்தினசிங்கம் அன்றும் கொண்டி விழும் சத்தம் கேட்கும்வரை நின்றார். அடுத்த நாளும் போனார். ஆனால் இருபதடியை அறுபதடி ஆக்கிக்கொண்டார்.

மார்கழி முதலாம் கிழமை, காலை யாழ்ப்பாண ரயிலில் நேசமலரையும் அரசியையும் ஏற்றிவிட்டார். பெட்டிகளை மேலே அடுக்கி, கூஜாவில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். அரசி யன்னலோரம் இருந்தாள். ரயில் அசையும்போது அவர் யன்னல் கம்பிக்குள்ளே கையை விட்டு அவள் தலையைத் தடவப் போனார். கை கிட்ட வந்ததும் பிள்ளை சட்டென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள். தெரியாமல் செய்தது. செய்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. உடனே வெட்கப்பட்டு, கையை நீட்டி அவருடைய சுண்டு விரலைப் பிடித்தாள். அதற்குள் ரயில் வேகம் எடுத்துவிட்டது. அவர் பிளாட்பாரத்தில் கொஞ்சத் தூரம் ஓடினார்.

அன்று அவருக்கு விடுமுறை நாள். போக இடமில்லாமல் பகல் முழுவதும் துறைமுகப் பக்கம் சுற்றிவிட்டு, நாலரை மணிக்குக் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். தையற்கடை பூட்டிக் கிடந்தது. பெயர்ப் பலகை இல்லை. பலகை இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக, ஈரம் படாமல் இருந்தது. மெசெஞ்சர் தெருவுக்கு ஓடினார். வீட்டில் வேறு யாரோ ஒரு கிழவர் பாயை உதறிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து சுருட்டுக்கடைக்காரரைக் கேட்டார். தான் பார்க்கவில்லை என்றார் அவர்.

குடத்தோடு வந்த பேர்ணடெற், அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவரை நேரே பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"விடியக் காலமே வண்டியில சாமான் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க ஐயா. புள்ளத்தாச்சி அந்தப் பொண்ணு. தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் அந்தக் கதவு வரைக்கும் போயிருக்கிறார். தெரியாது.

"எங்கை போனவையள்?"

"சொன்னாங்க." அவள் தயங்கினாள். "ஆருக்குச் சொன்னாலும் ஒங்களுக்குச் சொல்ல வேணாமுன்னு அந்தப் பொண்ணு சத்தியம் வாங்கிட்டுப் போனா. நீங்க போனா, நீங்க வந்த வழியப் பாத்து அவனும் வருவானாம்."

இரத்தினசிங்கம் தலையை ஆட்டினார். அது சரிதான். ஒரு பொலிஸ்காரனாக யோசித்தாலும் அது சரிதான்.

"கை நாட்டு வச்சது தப்புத்தான் ஐயா" என்றாள் பேர்ணடெற். "அழகுமுத்து அண்ணன் எனக்காகத்தான் செத்தாரு. அதுவும் தெரியும். ஆனா நான் இந்தத் தெருவுலதானே இருக்கணும்."

"சொல்லாத" என்றார் அவர். "அவையள் போன இடத்தை. ஆர் கேட்டாலும் சொல்லாத. நான் பிறகு வந்து கேட்டாலும்."

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். கோயிலில் ஐந்து மணி அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவருடைய கால்கள் தாமாகவே இரண்டடி எடுத்து வைத்தன. முன்னால் யாரும் போகவில்லை. தெரு முழுக்க ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். எந்த முதுகைப் பார்ப்பது என்று தெரியாமல் அவர் நடந்து, சந்தியில் வந்து நின்ற ட்ராமில் ஏறினார். எந்தப் பக்கம் போகிற ட்ராம் என்று பார்க்கவில்லை. யன்னலோரம் உட்கார்ந்தபோது, பக்கத்திலிருந்த ஒரு கைக்குழந்தை அவருடைய கோட்டுப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. தாய் அதை விலக்கப் போனாள். அவர் வேண்டாமென்று கையைக் காட்டினார்.

கண்டக்டர் டிக்கட் கட்டோடு வந்து முன்னால் நின்றான்.

"கொஹாட்டத மாத்தயா?" எங்கே போகவேண்டும் என்று கேட்டான்.

இரத்தினசிங்கம் அவனை நிமிர்ந்து பார்த்தார். ட்ராம் ஒரு குலுக்கலோடு புறப்பட்டது. கண்டக்டர் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பொறுமையாக, இன்னொரு தரம் கேட்டான். குழந்தை பொத்தானை வாய்க்குக் கொண்டுபோக முயன்றுகொண்டிருந்தது.